மரமும் காந்தமும்

சீவகசிந்தாமணியைப் பாடமாகப் பயிலும் எம் வகுப்பினர்க்குக் காந்தருவதத்தையார் இலம்பகத்திலுள்ள ஒரு பகுதி நன்கு நினைவிருக்கும். வீணைப் போருக்கு வந்த சீவகன் முன் ஒன்றன்பின் ஒன்றாக யாழ்கள் கொண்டுவந்து வைக்கப்படுகின்றன. அவன் எடுத்தவுடன் வாசிக்கத் தொடங்கினானல்லன். நீரில் நின்று இளகிய மரத்தாற் செய்யப்பட்டதென்று ஒன்றைத் தள்ளுகின்றான். வாள் பட்ட மரமென்று மற்றொன்றை விலக்குகின்றான். இடி விழுந்த மரமென்று பிறிதொன்றை ஒதுக்குகின்றான். நரம்பினுள்ளே மயிர் கலந்திருந்ததையும் எடுத்துக் காட்டுகின்றான். இசைப் போட்டியிலே பாட்டுக்கு முன் மரத்தைப் பற்றிய வழக்கு நடப்பது எமக்கு மிக்க வியப்பைத் தந்தது. இக்காப்பியத்தைக் கற்குமாறு உ. வே. சாமிநாதையரவர்களை 1880-ஆம் ஆண்டிலே தூண்டி, 1887-இல் அஃது அச்சேறுதற்கு முதற்காரணமாய் நின்றவர் சேலம் இராமசுவாமி முதலியார். ஆகலின், சேலம் மாவட்டத்தாராகிய எமக்கு இந்நூலின்பால் ஒருவகை உரிமை உண்டென்று வகுப்பிலே யாம் பெருமை பேசிக்கொள்வதும் உண்டு.

இப்பகுதியைப் பயின்ற அதே பருவத்தில் யாமும் ஓர் இசைக்கருவிக்கு மரம் தேடிக்கொண்டிருந்தோம். எம் கருவி யாழன்று, மின்கிட்டார். தமிழ் ஆனர்ஸ் மாணவர்க்கு இஃதென்ன வேலை என்று நகைப்பார் நகைக்க. எம் ஊராகிய ஆத்தூரில், திருச்சபைப் பாடகர் குழுவிலே கிட்டார் வாசிக்கும் பொறுப்பு எம்மிடம் வந்து சேர்ந்தது. இங்குக் கல்லூரியிலோ இசை மன்றத்தார் எம்மை விடுவதில்லை. ஞாயிறு காலையில் வேதநாயக சாஸ்திரியார் மரபில் வந்த கீர்த்தனைக்குப் பின்னின்று மெல்ல இழைய வேண்டும். ஆங்கில ஞானப்பாட்டுக்கு ஆறு தந்தியும் தனித்தனியே தெளிந்து ஒலிக்க வேண்டும். கல்லூரி ஆண்டு விழாவிலே திரைப்பாட்டு ஒன்றுக்குச் சிங்கம்போல் உறுமவும் வேண்டும். இத்தனைக்கும் ஒரே கருவி. எம் கையில் இருந்ததோ சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிச் சேர்த்த 12,000 ரூபாய். இவ்விலைக்குக் கடையிற் கிடைத்தவை ஒரு குரலிற் பேசின. மும்முகம் காட்டுபவை எம் பையின் எல்லைக்கு அப்பால் நின்றன. ஆகவே உறுப்புக்களைத் தனித்தனியே தேர்ந்து செய்வித்துக்கொள்வதென்று துணிந்தோம்.

துணிந்த பின்னரே இத்துறையில் இரண்டு சமயங்கள் உண்டென்பதை அறிந்தோம். மரமே எல்லாம் என்பது ஒரு சமயம். ஆல்டர் மரம் சமனான குரல் தரும், ஆஷ் மரம் மணிபோல் ஒலிக்கும், மகோகனி கனிந்து பேசும், மேப்பிள் கூர்மையாகப் பேசும் என்று மருத்துவர் பத்தியம் எழுதுவதுபோல் எழுதிவைப்பர். மரத்தில் ஒன்றுமில்லை, காந்தச்சுருளே அனைத்தும் என்பது மற்றொரு சமயம். இவ்விரு திறத்தாரும் வாதிடுவதைக் கண்டால் மணிமேகலையிற் சமயக்கணக்கர் கூடிய அவை நினைவுக்கு வரும்.

வழக்கின் உண்மை காண, வீணையையும் மின்கிட்டாரையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். தந்தி மெல்லியது, அது தானாகக் காற்றை அசைக்க மாட்டாது. வீணையிலே தந்தியின் அதிர்வு குதிரை வழியாக மேற்பலகைக்கும் குடத்துக்கும் செல்ல, அவை அதிர்ந்து காற்றை அசைக்கின்றன. நாம் கேட்பது தந்தியின் குரலன்று. மரத்தின் வாய் வழியாக வந்த தந்தியின் குரல். எனவேதான் தஞ்சாவூர் வீணை செய்வோர் பலா மரத்தையன்றிப் பிறிதொன்றைக் கனவிலும் கருதார். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வீணைக்குப் பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவே பெருமை. நாகசுரத்துக்கு நரசிங்கம்பேட்டையார் ஆச்சா மரத்தை நாடுகின்றனர். அதுவும் பழைய வீடுகளில் உத்தரமாயிருந்து நெடுங்காலம் காய்ந்த மரமே சிறந்ததென்பர். அவ்வூர் நாகசுரம் 2022-இல் அக்குறியீட்டைப் பெற்றது.

மின்கிட்டாரின் செய்தி வேறு. அதன் உடல் திண்ணிய பலகை, குடமுமில்லை, வாயுமில்லை. தந்திக்குக் கீழே காந்தமும், அதனைச் சுற்றி மயிரினும் மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றாகச் சுற்றிய சுருளும் இருக்கின்றன. இதற்குப் பிக்கப் என்று பெயர். காந்தத்தின் அருகில் இரும்புத் தந்தி அசையும்போது காந்தப்புலம் அசைகின்றது. காந்தப்புலம் அசைய, சுருளிலே மின்சாரம் பிறக்கின்றது. 1831-இல் பாரடே கண்ட உண்மை இது. அம்மின்சாரமே கம்பி வழி ஆம்ப்ளிபயரை அடைந்து ஒலியாகின்றது. சுருள் கவனிப்பது தந்தியின் அசைவை. மரத்தின் ஒலியை அதற்குக் கேட்கச் செவியில்லை. வீணைக்கு மரம் வாய் எனின், மின்கிட்டாருக்கு மரம் கட்டில். எனினும் கட்டில் நொய்தாயிருப்பின் கிடப்பவன் உறக்கம் கெடுமன்றோ? பலகையும் கழுத்தும் தந்தியின் இரு முனைகளையும் பற்றி நிற்கின்றன. அவை தளர்ந்து தாமும் ஆடுமாயின் தந்தியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். சில சுரங்கள் உடனே அடங்கிவிடும். திண்ணிய மரமாயின் ஆற்றல் தந்தியிலேயே தங்கி, நாதம் நெடிது நிற்கும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) அவர்கள் தம் கருவியை மின்மாண்டலினாக ஆக்கி, இரட்டைத் தந்திகளைத் தவிர்த்து ஐந்து ஒற்றைத் தந்திகளை அமைத்துக்கொண்டதன் பயனையும் இவ்விடத்தே எண்ணுக. மரப்பெட்டி மாண்டலினிலே பிறந்தவுடன் மடியும் நாதத்தைக்கொண்டு கமகம் காட்டுதல் அரிது. நாதம் நின்றாலன்றோ அதனை வளைக்கலாம்!

இனி, வரலாறு மரச்சமயத்தார்க்கு அத்துணை உதவுவதாயில்லை. ஜார்ஜ் பீச்சம் என்பாரும் அடால்ப் ரிக்கன்பாக்கரும் 1931, 1932-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலே செய்து விற்ற முதல் மின்கிட்டார் மரத்தாலானதே அன்று, வார்த்த அலுமினியம். அதன் உருவத்தைக் கண்டு வாணலி என்றே அழைத்தனர். சில ஆண்டுகளின்பின் லெஸ் பால் என்னும் கலைஞர் ஒரு பைன் மரக்கட்டையிலே தந்தி கட்டிச் சுருள் பொருத்தி வாசித்தார். கேட்டவர்கள் அதனை மதிக்கவில்லையாம். பழைய கிட்டார் ஒன்றை இரண்டாக அறுத்து அக்கட்டையின் இருபுறமும் ஒட்டிக்கொண்டு வந்தபோது மிகவும் மெச்சினராம். செவிக்கு வந்ததைக் கண்ணாற் கேட்கும் இவ்வழக்கம் இன்றும் ஒழிந்தபாடில்லை. லியோ பெண்டர் வானொலிப் பெட்டி பழுது பார்த்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். அவர் 1950-இல் ஆஷ் மரத்தையும் 1956-இல் பெரும்பாலும் ஆல்டரையும் எடுத்துக்கொண்டமைக்கு, எளிதிற் கிடைத்ததும் வண்ணம் நன்கு ஏறியதும் பெருங்காரணங்கள். அவர் அருகிலே கிடைத்ததை எடுத்தார். உலகம் அதனை வேதமாக்கிக்கொண்டது.

ஆத்தூரிலே அருகிற் கிடைப்பது என்ன? வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலை, தென்மேற்கே கொல்லிமலை. மர அறுவைச் சாலைகளுக்குக் குறைவில்லை. யாம் ஒரு விடுமுறை முழுவதும் அச்சாலைகளில் அலைந்தோம். தேக்கு யாவரும் அறிந்தது. பொருந்தும், ஆனால் விலை. வேம்பு முறுகும். மாமரம் எளிதிற் புழு அரிக்கும். பூவரசு நல்ல மரம்; வண்டிக்கும் கட்டிலுக்கும் உதவியது; எனினும் கிட்டார் உடலுக்கு வேண்டிய ஏறக்குறைய ஓரடி அகலம் நேராகக் கிடைப்பது அரிது. ஈட்டி என்னும் தோதகத்தி உடலுக்கு ஆகாது. கன மீட்டருக்கு எண்ணூறு கிலோவுக்கு மேல் நிற்கும் மரம் அது; கிட்டாரின் உடல் மட்டுமே மூன்று கிலோவைக் கடந்துவிடும். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஈட்டியாலேயே ஒரு கிட்டார் செய்து கொடுத்தார்கள். 1969 ஜனவரியில் மாடிக் கூரைமேல் நின்று அதனை வாசித்தார். அவர் தோள் வலித்ததோ இல்லையோ, எம் ஆராதனை இரண்டு மணி நேரம்! ஆச்சாவைச் சொல்லவே வேண்டா. நீரில் அமிழும் மரம். மகோகனியை இக்காலத்தில் நம் உழவர்கள் வரப்போரம் நட்டு வளர்க்கின்றனர். ஆனால் எமக்குக் காட்டப்பட்டவை இளமரங்கள், வைரம் பாயாதவை.

எஞ்சியது பலா. பொன்னிறம், அளவான கனம், உளிக்கு இணங்கும், கறையான் எளிதில் அணுகாது. எமக்கு வேண்டிய பலா எம் வீட்டிலேயே இருந்தது. இடர்ப்பாடும் அங்கேயே தொடங்கியது.

எம் பாட்டியார் வீட்டுப் பரண்மேல் ஐந்து பலாப்பலகைகள் அடுக்கியிருக்கின்றன. பாட்டனார் நட்ட மரம் 2001-இல் காற்றுக்குச் சாய்ந்தது. அதனை அறுப்பித்த பலகைகளிற் பாதி 2004-இல் அவருடைய பெட்டிக்கு ஆயிற்று. மற்றப் பாதியைப் பாட்டியார் தம் பெட்டிக்கென்று காத்து வருகிறார். இடையிடையே சட்டம் கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்கி, ஆண்டுக்கொருமுறை துடைத்து, இருபது ஆண்டுக்கு மேலாகப் பேணிய மரம். இத்துணை நன்றாகக் காய்ந்த பலகை ஆத்தூர் அறுவைச் சாலை எதிலும் இல்லை என்பதை ஒரு விடுமுறை அலைந்து அறிந்திருந்தோம். ஒன்றேகால் அடி அகலம்; கணு இல்லை; வெடிப்பில்லை. இரு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் வேண்டிய கனம் வந்துவிடும். கேட்டால் மறுப்பாரோ என்ற அச்சம் எமக்கு இல்லை. கேட்டவுடன் கொடுத்துவிடுவார் என்பதுவே அச்சம்.

பிரையன் மே என்னும் ஆங்கிலேயர் பதினாறு வயதில், 1963-இல், தம் தந்தையாரோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். பழைய அடுப்பங்கணப்புச் சட்டத்தின் மகோகனியைக் கழுத்தாக்கி, அதிலிருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சியால் அடைத்து முடித்த அக்கருவியைப் பின்னர்க் குயீன் குழுவிலே ஆயுள் முழுதும் வாசித்து வருகிறார். இவ்வரலாற்றைப் படித்த நாள்தொட்டு எம் கண்கள் பரணை நோக்கியே சென்றன. எனினும் கணப்புச் சட்டம் வேறு, பாட்டியார் தமக்கென்று வைத்த பலகை வேறு. பலா இல்லையேல் குரல் இல்லை என்பது மெய்யானால் கேட்கலாம். மெய்யல்லவெனில் கேட்பது அடாது. ஆகவே மரச்சமயம் மெய்யா பொய்யா என்பது எமக்கு வெறும் வாதமாயிராது, விடை கண்டே தீரவேண்டிய வினாவாயிற்று.

பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவர் விடுமுறையில் எம்மோடு ஆத்தூருக்கு வந்திருந்தார். பலாப்பலகை ஒன்றையும், அதே நீளமும் அகலமும் கனமும் உடைய தூங்குவாகைப் பலகை ஒன்றையும் சோதித்துப் பார்ப்போம் என்றார். பாட்டியாரிடம் பலகையை இரவலாகக் கேட்டோம்.

“எடுத்துக்க கண்ணு. ஆணி மட்டும் அடிச்சுறாதே. அதுக்கு ஆணி அடிக்க வேற நாள் இருக்குது” என்றார்.

ஆணி அடிக்காமல் இரும்புக் கவ்விகளாலேயே இரு முனையிலும் பாலங்களை இறுக்கி, ஒரே தந்தியை ஒரே சுரத்துக்கு ஏற்றி, ஒரே பிக்கப்பை ஒரே இடத்தில், தந்திக்கு ஒரே தாழ்வில் வைத்தோம். விரலால் மீட்டினால் ஒருமுறை வலிந்தும் ஒருமுறை மெலிந்தும் போகும். அதற்கு நண்பர் ஓர் உபாயம் கூறினார். மெல்லிய செப்புக்கம்பியைத் தந்தியிலே கோத்து, அஃது அறும்வரை இழுக்க வேண்டும். ஒரே கம்பி ஒரே அளவு வலிமையில் அறுமாதலின் மீட்டும் ஒவ்வொரு முறையும் ஒத்திருக்கும். பௌதிக மாணவர்களை யாம் அதுவரை இத்துணை மதித்ததில்லை. பாடகர் குழுவினர் சிலரைத் திரைக்கு அப்பால் அமர்த்தி, இப்பலகை அப்பலகை என்று மாற்றி மாற்றிக் கேட்பித்தோம். ஆம்ப்ளிபயர் இல்லாமல் கேட்டபோது பலா உரக்கப் பேசிற்று. அதனை எல்லாரும் உணர்ந்தனர். ஆம்ப்ளிபயர் வழியாகக் கேட்டபோதோ, வேறுபாடு உண்டென்று உறுதி கூறியவர்களே மறுமுறை கேட்டபோது மாற்றிக் கூறினர். பின்னர்ப் பலகையை மாற்றாமல், பிக்கப்பை மட்டும் இரண்டு அங்குலம் பாலத்தின் பக்கம் நகர்த்தினோம். ஞாயிறு பள்ளிச் சிறுமி ஒருத்தி, “இது வேற கிட்டாரு” என்றாள்.

ஒரு தந்தியும் இரண்டு பலகையும் கொண்ட இச்சோதனை உலகத்து வழக்கையெல்லாம் தீர்த்துவிட்டதென்று யாம் கூறவில்லை. கழுத்தின் தன்மையும் உடலின் எடையும் தோளிலே தொங்கும்போது விலாவில் உணரும் அதிர்வும் வாசிப்பவனுக்கு உண்மையான பொருள்களே. ஆயினும் எமக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது.

அன்றிரவு சோறு போடும்போது பாட்டியார் தாமே கேட்டார். “ஏன் கண்ணு, நம்ம பலாவுல செஞ்சா சத்தம் நல்லா இருக்குமா?”

பொன்னிறப் பலகை கண்முன் நின்றது. ‘சற்றே நன்றாயிருக்கும்’ என்று ஒரு சொல் சொல்லியிருப்பின் அது முழுப்பொய்யும் ஆகாது. “பெட்டியில போட்டுக் கேட்டா வித்தியாசம் தெரியலை ஆயா. வாகையே போதும்” என்றோம். ஆம்ப்ளிபயரைப் பாட்டியார் பெட்டி என்றே அழைப்பார். சொன்ன பின்னரே அச்சொல்லின் மற்றைப் பொருள் எமக்கு உறைத்தது. அவர் அதனைக் கருதினாரில்லை.

“தெரியும்னு சொல்லியிருந்தா எடுத்துக்கன்னு சொல்லியிருப்பேன். என்னைப் பூவரசுலகூட வெக்கலாம். தெரியலைன்னா எதுக்கு அதை அறுக்கணும்? காலையில மேல ஏத்தி வெச்சிரு. சட்டம் பழையபடியே இருக்கணும், மாத்தி வெச்சா வளைஞ்சுக்கும்” என்று கூறிக் குழம்பை ஊற்றினார்.

மரத்தைக் கையாளும் முறையை எமக்கு முதலிற் கற்பித்தவர் எம் பாட்டியாரே. இரண்டாமவர் தம்மம்பட்டி ஆசாரியார். ஆத்தூரிலிருந்து கெங்கவல்லி வழியே பேருந்தில் ஏறினால் சுவேத நதிப் பக்கத்திலுள்ள அவ்வூரை அடையலாம். கோயில் வாகனங்களும் கதவு நிலைகளும் தெய்வ உருவங்களும் செதுக்கும் தச்சர் பலர் அங்கு வாழ்கின்றனர். தூங்குவாகையை அவர்கள் பெரிதும் எடுத்தாள்கின்றனர். மாலையில் இலை கூம்புதலின் இதனைத் தூங்குமூஞ்சி என்பாரும் உளர். பண்டை வேந்தர் வெற்றிக்குச் சூடிய வாகை இதுவன்று. இது தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து நம் சாலைகளில் நிழல் பரப்பும் மரம். ஹவாய்த் தீவிலே இதே மரத்தில் கிட்டாரும் உகுலேலியும் செய்கின்றனர் என்று யாம் கூறியபோது ஆசாரியார் சிறிதும் வியந்தாரில்லை. “செய்வாங்க தம்பி. யானையே செய்யறோம், அது என்ன” என்றார்.

அவர் பலகையைத் தட்டிக் கேட்கவில்லை. முதலில் எடையைக் கையில் தாங்கிப் பார்த்தார்; பின் முனையில் நாவால் தொட்டு ஈரம் பார்த்தார்; அதன்பின் ரேகை ஓடும் திசையை நகத்தால் வருடினார். வெளிப்புறத்து வெள்ளை மரத்தை முழுதும் நீக்கி, வைரத்தை மட்டும் எடுத்தார். கிட்டார் உடலின் கனம் ஒன்றேமுக்கால் அங்குலம். கொட்டகை நிழலில் அங்குலத்துக்கு ஓராண்டு காய வேண்டுமென்பது அவர் கணக்கு. நற்பேறாக, வாகனம் ஒன்றுக்காக வாங்கி நான்கு ஆண்டாகக் கிடந்த துண்டொன்று அவரிடம் இருந்தது. எமக்கு அதனை 1,400 ரூபாய்க்குக் கொடுத்தார்.

கழுத்துக்கு அதே மரத்தை எடுக்க அவர் இசையவில்லை. ஆறு தந்தியும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு நாற்பது கிலோவுக்கு மேல். வாகை அதற்கு இளகும். பழைய சன்னற்சட்டத்துத் தேக்கை மூன்று கீற்றாக அறுத்து, நடுக்கீற்றைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினார். ஒன்று வளைய முயன்றால் மற்றது தடுக்கும். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டாதலின் ஒட்டுமுன் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். உள்ளே முறுக்கித் திருத்துதற்கு இரும்புக்கம்பி ஒன்றும் வைக்க வேண்டும். விரற்பலகைக்கு மட்டும் ஈட்டி. உலகெங்கும் கிட்டார் செய்வோர் நம் நாட்டு ஈட்டியையே இதற்கு விரும்புவர். 2017-இல் பன்னாட்டு உடன்படிக்கையொன்று அவ்வினத்து மரங்கள் அனைத்தின் வாணிகத்தையும் கட்டுப்படுத்தியபோது கருவி செய்வோரெல்லாம் அலறினர். 2019-இல் செய்து முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எமக்கு வேண்டியது இரண்டு விரற்கடை அகலம். பழைய மேசை ஒன்றின் கால் போதுமாயிற்று.

இனிப் பிக்கப். எம் பொருளையும் பொழுதையும் மிகுதியாகக் கொண்டது இதுவே. முன் கூறிய சோதனைக்குப் பின் அதுவே முறையுமாம். ஒற்றைச் சுருள் தெளிவானது; ஒவ்வொரு தந்தியின் குரலையும் கண்ணாடிபோற் காட்டும். அதன் குறை இரைச்சல். சுவரிலோடும் மின்கம்பியின் ஐம்பது ஹெர்ட்ஸ் முனகலைத் தந்தியின் குரலோடு சேர்த்து அதுவும் கேட்கும். எம் ஆலயத்திலோ பழைய மின்னிணைப்பும் குழல்விளக்கும் இன்வெர்ட்டரும் உண்டு. போதகர் மௌன ஜெபத்துக்கு அழைக்கும்போது வண்டுபோல் ரீங்கரிக்கும் கருவியை யார் விரும்புவர்? 1955-இல் கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் இதற்கொரு வழி கண்டார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றைப் புரிமாற்றிச் சுற்றி, அதன் காந்த முனையையும் மாற்றினார். சுவரிலிருந்து வரும் முனகல் இரு சுருளிலும் எதிரெதிராய் நின்று அழிகின்றது. தந்தியின் குரல் மட்டும், சுற்றும் முனையும் இரண்டும் மாறியதால், ஒன்றோடொன்று கூடுகின்றது. இதனை ஹம்பக்கர் என்பர். குரல் பெரியது, தடித்தது, உறுமலுக்கு ஏற்றது. ஆனால் கீர்த்தனைக்கு ஒற்றைச் சுருளின் தெளிவு அதனிடம் இல்லை.

இடமும் பெரிது. தந்தி பாலத்தின் அருகே குறுகி அசையும். நடுவை நோக்கிச் செல்லச் செல்ல அகன்று அசையும். ஆதலின் பாலத்தருகே வைத்த சுருள் கூர்த்துப் பேசும். கழுத்தருகே வைத்தது கனிந்து பேசும். ஆகவே யாம் கொண்ட முடிபு, பாலத்தருகே ஹம்பக்கர், நடுவிலும் கழுத்தருகிலும் ஒற்றைச் சுருள், இவற்றை மாற்ற ஐந்து நிலைத் திறப்பு. நடுச்சுருளைக் கழுத்துச்சுருளுக்கு எதிராகச் சுற்றி முனையையும் மாற்றி வைத்தால், அவ்விரண்டும் சேர்ந்து ஒலிக்கும் நிலையில் முனகல் அழியும். ஆலயத்துக்கு அந்நிலை, இசை மன்றத்துக்கு ஹம்பக்கர், கழுத்துச்சுருள் தனித்து, வீட்டிலே எமக்காக. இரண்டு ஹம்பக்கர் வைத்து வேண்டும்போது பாதியை அணைக்கலாமே என்று நண்பர்கள் கூறினர். அணைத்த பாதி மெய்யான ஒற்றைச் சுருள்போல் ஒலிப்பதில்லை என்பது எம் செவியின் தீர்ப்பு. பிறர் செவி வேறு கூறலாம்.

ஹம்பக்கரை விலைக்கே வாங்கினோம். ஒற்றைச் சுருள்களுக்கு, இறந்துபோன பழைய பிக்கப் இரண்டு கிடைத்தன. ஆத்தூரிலே கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரர் ஒருவரிடம் அவற்றைக் காட்டினோம். அவர் கைக்குப் பழகிய கம்பி நூல்போல் தடித்தது. இதற்கு வேண்டியதோ 0.06 மில்லிமீட்டர். சென்னை ரிச்சி தெருவிலிருந்து தருவித்த கம்பியை விரலிடை வைத்துப் பார்த்தார்.

“தம்பி, இது கண்ணுக்கே தெரியலைங்களே” என்றார்.

ஆயினும் அவருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. கடை மூடிய பின் இரவில், எண்ணி வைத்த கைச்சுற்றியிலே எட்டாயிரம் சுற்றுவரை சுற்றினார். மூன்று முறை கம்பி அறுந்தது. ஒரு சிறு சுருளுள் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கம்பி அடங்கிவிடுகின்றதென்று கணக்கிட்டுச் சொன்னபோது, அது கிணற்றடியிலிருந்து தம் வீடுவரை வரும் என்று மகிழ்ந்தார். மீட்டரில் ஆறாயிரம் ஓம் காட்டிற்று. காசு வாங்க மறுத்துப் பின் 200 ரூபாய் மட்டும் பெற்றுக்கொண்டார். இறுதியாகச் சுருளை உருகிய மெழுகில் அமிழ்த்தினோம். கம்பிகள் தளர்ந்து தாமே அதிர்ந்து கிறீச்சிடாமலிருத்தற்கு இது வேண்டும். வீணையின் மெட்டுக்களைப் பதிக்கும் தேன்மெழுகு இங்கேயும் வந்து உதவியது.

இப்போது உடல் கடைந்தாயிற்று, கழுத்தும் அமைந்தது. மேற்பூச்சு இன்னும் இல்லை. வாகையின் இருண்ட ரேகை மறைய வண்ணம் பூச மனம் வரவில்லை. எண்ணெய் மட்டும் தேய்ப்பதாயிருக்கின்றோம். கையிலிருந்த 12,000-இல் இன்னும் 900 மிச்சம். தந்திக்கும் தோல்வாருக்கும் அது போதும். தம்மம்பட்டி ஆசாரியார் மட்டும் ஒரு செய்தி சொல்லியனுப்பியிருக்கிறார். தலைப்பகுதி வெறுமையாக இருக்கின்றதாம். வீணைக்கு யாளிமுகம் உண்டே, இதற்கும் ஒன்று செதுக்கட்டுமா, கூலி வேண்டாம் என்கிறார். தலை கனத்தால் கருவி தோளில் நில்லாமல் கீழே சாயும் என்று சொல்லிப் பார்த்தோம். யாளியைக் குடைந்து எடை குறைக்கலாம் என்பது அவர் மறுமொழி. திருச்சபை மூப்பர்களிடம் இதனை எப்படிச் சொல்வது என்று எண்ணிக்கொண்டிருக்கின்றோம். பாட்டியாரோ, செதுக்கட்டுமே, அழகாயிருக்கும் என்கிறார்.